திருவிழா ஈன்ற இசைக்குழுக்கள்

கலைஞன் ஒருவன் எப்போது கலைஞனாகிறான்? பயிற்சி முடிந்த நாளிலா, முதன்முதலாக மேடை ஏறிய நாளிலா? இசைக்குழுக்களின் வரலாறு வேறு விடை தருகிறது. தன்னைக் கேட்பதற்கென்று வராத ஒரு கூட்டம், நடந்துகொண்டிருந்த கால்களை நிறுத்தித் தன் பக்கம் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்திலேதான் பெயரறியாக் குழு பெயர்பெற்ற குழுவாகிறது. அத்தகைய கூட்டத்தைக் கூட்டித் தரும் ஆற்றல் திருவிழாவுக்கு உண்டு. மலேசியத் தமிழரிடையே இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சிலாங்கூரின் வடபகுதித் தோட்டங்களும், அத்தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் சென்று கூடும் பத்துமலையுமே போதும்.

கோல சிலாங்கூர் வட்டாரம் தோட்டத் தொழிலின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. 1917ஆம் ஆண்டில் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் செம்பனையைப் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் முதலிய இடங்களைச் சூழ்ந்து பால்மரக் காடுகள் நின்றன. அக்காடுகளில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். வந்தவர்கள் பெட்டியும் படுக்கையும் மட்டும் கொண்டுவரவில்லை. மாரியம்மனையும் முனியாண்டியையும் கொண்டுவந்தனர். தப்பையும் உடுக்கையையும் பம்பையையும் உறுமியையும் வாசிக்கும் கைப்பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர்.

தோட்டத்தில் ஆண்டு முழுவதும் கேட்ட ஒலி வேறு. விடியுமுன் பிரட்டுக்கு அழைக்கும் ஒலி அது. துரைக்கும் கிராணிக்கும் கணக்குக் கொடுக்கும் வாழ்க்கையின் ஒலி. திருவிழா நாள்களில் மட்டுமே அவ்வொலி ஓய்ந்து மக்களின் ஒலி மேலோங்கியது. கரகம் புறப்படும்போதும், தீக்குழிக்கு முன் பக்தர்கள் நிற்கும்போதும், சாமி லயன் வீடுகளின் வரிசையைச் சுற்றி வரும்போதும் கொட்டுக்காரர்களே முன்னின்றனர். நேற்றுவரை பால்வாளி சுமந்த இளைஞன் அன்று பம்பையைத் தோளில் மாட்டி நின்றால் தோட்டமே அவனைப் புதிதாகப் பார்த்தது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த உறவினர் தம் திருவிழாவுக்கும் அவனை அழைத்துச் செல்வர். அழைப்புக் கடிதமும் விளம்பரமும் இல்லாத அக்காலத்தில், ஒரு தோட்டத்துத் திருவிழாவே அடுத்த தோட்டத்துத் திருவிழாவுக்கு நுழைவுச்சீட்டாயிற்று.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. புதிய ஆட்களோடு புதிய பாட்டும் வந்துகொண்டிருந்த வழி அதனால் குறுகிற்று. இனித் தோட்டத்துக் கொட்டு, தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளின் கைகளையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று.

இச்சிற்றாறுகள் வந்து கலக்கும் பேராறு பத்துமலைத் தைப்பூசம். கே. தம்புசாமிப் பிள்ளையின் முயற்சியால் குகையில் முருகவேள் எழுந்தருளிய பின், 1892 முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இன்று 272 படிகளும், 2006இல் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலையும், இலட்சக்கணக்கான மக்களும் அவ்விழாவின் அடையாளங்கள். ஆயின், காதால் விழாவை அறிபவருக்கு முதலில் புலப்படுவது காவடிகளுக்கு முன்னும் பின்னும் செல்லும் உறுமி மேளங்களே.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்காக விற்கப்பட்டும் மறையத் தொடங்கியபோது அங்கிருந்த குடும்பங்கள் நகரோரப் பலகை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. செம்பனையும் பால்மரமும் சூழ்ந்திருந்த வட்டாரத்தில் புஞ்சாக் ஆலாம் என்னும் புதுநகர் எழுந்து, பல்கலைக்கழக வளாகமும் வீட்டு வரிசைகளும் கொண்டதாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. ஊர் இழந்த இளைஞர்களுக்கு ஊரின் இடத்தில் நின்றது குழு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரு பெயர் சூட்டி, ஒரே நிறத்தில் சட்டை தைத்து, உறுமி மேளக் குழுவாக நின்றனர். தந்தையர் தோட்டத்தின் பெயரால் தம்மை அறிமுகம் செய்துகொண்டனர். மைந்தர் குழுவின் பெயரால் அறிமுகம் செய்துகொண்டனர். பின்னாளில் இக்குழுக்களின் வாசிப்பு ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வந்ததற்கு வித்திட்டது விழாக் கூட்டத்தின் செவியே.

புதிய குழு ஒன்றை அக்கூட்டத்தில் இனங்காண்பது எங்ஙனம்? ஆரவாரம் அளவுகோல் ஆகாது. உறுமி இருமுகம் கொண்ட தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஆழ்ந்த முனகல் எழும், மறுமுகம் அடிக்கப்படும். பம்பையோ இணைந்த இரு உருளை முழவுகள். அதன் ஒலி கூர்மையானது. பம்பையின் விரைவில் உறுமியின் முனகல் அமுங்கிப்போனால் அக்குழு இன்னும் பழகவில்லை என்பது பொருள். தேர்ந்த குழுவில் இரண்டும் ஒன்றையொன்று கேட்டு நடக்கும். காவடி எடுப்பவர் தளர்ந்து நிற்கும்போது தாளமும் தாழ்ந்து காத்திருக்கும். அவர் அடியெடுத்து வைக்கும்போது அதுவும் எழும். ஆற்றங்கரையில் முழங்குவது எளிது. வெயிலில் நெடுநேரம் நடந்து, படியின் அடிவாரத்திலும் அதே காலப்பிரமாணத்தைக் காக்கும் குழுவையே முதியோர் பெயர் கேட்டு நினைவில் வைப்பர். அடுத்த ஆண்டுக்கான அழைப்பு அந்த வினாவிலேதான் தொடங்குகிறது.

தாயகத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1927 திசம்பரில் சென்னையில் காங்கிரசு மாநாட்டோடு இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. மார்கழி இசைவிழா வேரூன்றியது. நண்பகல் வேளை இளையோர்க்கு, மாலை வேளை மூத்தோர்க்கு என்று அங்கு ஒரு முறை வகுக்கப்பட்டது. ஆள் குறைந்த பிற்பகல் அரங்கில் பாடிய இளங்குரலை ஓரிருவர் கேட்டுப் பிறரிடம் சொல்ல, சில ஆண்டுகளில் அக்குரல் மாலை அரங்குக்கு ஏறும். ஆனால் அந்த அரங்கின் வாயில் எல்லாக் கருவிகளுக்கும் திறந்திருக்கவில்லை. பறையும் உறுமியும் தெருவிலேயே நின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலைஞரை நகரப் பூங்காக்களுக்கு அழைத்து வந்தது. 2018 சனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு சென்னையில் முதன்முறை மேடையேறிற்று. கானாவும் பறையும் ராப்பும் கலந்த அக்குழுவிலிருந்து அறிவு, இசைவாணி போன்றோரைத் தமிழுலகம் அறிந்துகொண்டது. 2020 முதல் மார்கழியிலேயே மக்களிசைக்கென்று தனி விழாவும் நடக்கலாயிற்று.

உலகின் பிற பகுதிகளிலும் இதே நிலைதான். 1969 ஆகத்தில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் விழாவில் சந்தானா குழு வாசித்தபோது அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்திருக்கவில்லை. அக்கூட்டத்தில் பலர் அப்பெயரையே அறியார். மலேசியாவில் 1998 முதல் சரவாக்கில் நடைபெறும் மழைக்காடு உலக இசைவிழா, நீள்வீடுகளில் ஒலித்த சாப்பே யாழை உலகச் செவிகளுக்கு எடுத்துச் சென்றது. பெரும் பெயர்களுக்காக வந்த கூட்டம் சிறு பெயர்களோடு வீடு திரும்புவதே விழாவின் அறம் எனலாம்.

உறுமி மேளத்தின் மீது குறைகூறுவோரும் உளர். திரைப்பாடல் மெட்டுகளை இறைவன் சந்நிதியில் வாசிப்பதையும், குழுக்களுக்கிடையே எழும் போட்டியையும் சமய அமைப்புகள் பலமுறை கண்டித்துள்ளன. அக்கண்டனத்தில் நியாயமில்லை எனத் தள்ளிவிட இயலாது. சிங்கப்பூரில் 1973இல் ஊர்வல வழியில் நேரடி இசைக்குத் தடை வந்தது. போட்டிக் குழுக்களிடையே கைகலப்பு நேர்ந்து ஊர்வலம் குலைந்தது என்பதே அரசு கூறிய காரணம். 2016இல் வழியின் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு இசைவு கிட்டியது. இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகளில் அவ்வழி நெடுகிலும் வாசித்துப் பெயர்பெற்றிருக்க வேண்டிய கைகள் எத்தனை? தடை ஒரு நாளில் நீங்கும். அறுந்துபோன கைப்பழக்கம் ஒரு நாளில் திரும்பாது. நெறிப்படுத்துவது வேறு, வாயடைப்பது வேறு என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

வட சிலாங்கூருக்கு இதில் தனிக் கவலை உண்டு. பத்துமலைப் பெருவிழா நிலைத்திருக்கும். அதற்கு வந்து சேரும் சிற்றாறுகள் நிலைக்குமா என்பதே வினா. புதிய குழு ஒன்று நேரே பத்துமலையில் முளைப்பதில்லை. முப்பது குடும்பங்கள் கூடும் சிறு கோயிலில் தடுமாறி, மூத்த உறுமிக்காரரின் கண்டிப்பில் திருந்தி, அடுத்த ஊர் தீமிதியில் தேறி, அதன் பின்னரே அது பெருங்கூட்டத்துக்கு முன் நிற்கிறது. தோட்டம் போனதோடு அச்சிறு கோயிலும் இடம்பெயர்ந்து, கொட்டுச் சத்தம் கூடாது என்னும் குடியிருப்பில் ஒதுங்க நேர்ந்தால், தடுமாறிக் கற்பதற்கு இடமே இல்லாது போகும்.

ஆதலால் புஞ்சாக் ஆலாம் போன்ற புதுநகரங்களில் வாழும் தமிழர் செய்யத்தக்கது பெரும் பொருட்செலவன்று. தங்கள் கோயில் விழாவில் மாலை ஒருமணி நேரத்தை அவ்வட்டாரத்து இளங்குழுவுக்கென ஒதுக்கலாம். அதன் பெயரை விழா அறிக்கையில் அச்சிடலாம். முதியவர் ஒருவரை அமர்த்திப் பயிற்சி தரலாம். விழாவுக்கு வருவோரோ, அறிந்த குழு வரும்வரை காத்திராமல், அறியாத குழுவின் முன் சற்றே நின்று கேட்கலாம். பால்வாளி சுமந்த தோளில் பம்பையைக் கண்ட தோட்டத்து மக்கள் தம் பிள்ளைகளுக்குச் செய்த உதவியும் அதுவே: அவர்கள் நின்று கேட்டார்கள்.