கொக்கல வாவியும் இரண்டு சூரிய உதயங்களும்



காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் கொக்கலயை எத்தனையோ தடவை தாண்டியிருப்பீர்கள். அங்குள்ள வாவிக்கு உலக விமான வரலாற்றில் ஓர் இடம் உண்டு. எம்மில் பலருக்கு அது தெரியாது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதோடு அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான வான்வழி அறுந்தது. அதை மீண்டும் இணைக்க, 1943 நடுப்பகுதியில் குவாண்டாஸ் நிறுவனம் பேர்த் நகரிலிருந்து கொக்கலவுக்கு கட்டலினா கடல்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. பேர்த்தில் சுவான் ஆற்றிலிருந்து கிளம்பி, இங்கே வாவியில் வந்து இறங்கும்.

நேர்த்தூரம் ஏறக்குறைய 5,700 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானத்தின் வேகத்துக்கு ஏழு மணித்தியாலம் போதும். கட்டலினாவின் வேகமோ மணிக்கு சுமார் 200 கிலோமீற்றர்தான். சராசரியாக 28 மணித்தியாலம் எடுத்தது. ஒரு பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம் நீடித்தது. எதிரி விமானங்கள் சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். வானொலியில் பேசக்கூடாது. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை அறிந்தார்கள். பறக்கும்போதே இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பயணிகள் கண்டார்கள். அதனால் ‘இரட்டைச் சூரிய உதயம்’ என்ற பெயர் வந்தது.

இவ்வளவு தூரம் இடையில் எங்கும் இறங்காமல் பறக்க எரிபொருளே பெரும் பாரம். ஆகவே மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும் மட்டுமே ஏற்ற முடிந்தது. விமானங்கள் ஐந்து. 1945 வரை 271 தடவை கடலைக் கடந்தன. ஒன்றுகூட வழியில் தொலையவில்லை.

இது வரை சொன்னது விமானக் கதைகளில் கிடைக்கும். அதிகம் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது.

கொக்கல வெறும் வாவியாக இருக்கவில்லை. அது மக்கள் வாழ்ந்த ஊர். போர்க்காலத்தில் விமானப்படைத் தளம் அமைப்பதற்காக அந்த மக்கள் மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளும் தோட்டங்களும் போயின. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுதான். அவருடைய வீடு தப்பியது. இன்று அது நூதனசாலையாக இருக்கிறது. அயல் வீடுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

விமானிகளின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பேர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையிலான தூரத்தை மணித்தியாலத்தில் எழுதி வைத்த வரலாறு, தம் வாசலிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் நடந்த தூரத்தை எழுதவில்லை. இடம்பெயர்வு என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் போர்க்காலத்தை அறிந்த மூத்தவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள்.