படிப்படியாகப் புகையை விடுதல்: எண்ணிக்கைக் குறைப்பிலிருந்து நிகோட்டின் குறைப்பு வரை

முன்னுரை

புகைப்பதை ஒரே நாளில் நிறுத்துவதா, சிறுகச் சிறுகக் குறைத்து விடுவதா என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடை சொல்லி வந்துள்ளது. எதைக் குறைப்பது என்பதில் ஏற்பட்ட தெளிவே விடைகள் மாறியதற்கு முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பழக்கம் என்ற கணிப்பு

நிகோட்டின் ஊசி புகைக்கும் வேட்கையைத் தணிப்பதை லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற மருத்துவர் தம் உடலிலும் தன்னார்வலர்களிடமும் சோதித்து, 1942இல் 'லான்செட்' இதழில் எழுதினார். அது அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1964இல் வெளிவந்த அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் அறிக்கைகூட, புகைத்தலைப் போதை அடிமைத்தனமாகக் கொள்ளாமல் பழக்கமாகவே வகைப்படுத்தியது. பழக்கம்தான் என்றால் மனவுறுதியே மருந்து. நாளுக்கு இத்தனை என்று எண்ணிக் குறைத்துவிடலாம். நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என அதே பதவியிலிருந்து அறிக்கை வர 1988 ஆயிற்று.

பொய்த்த கணக்கு

இதற்கிடையே எண்ணிக்கைக் கணக்கு ஆட்டம் கண்டிருந்தது. புகைப்பவர் நாடுவது நிகோட்டினை, அவரைக் கொல்வது தார் என்பதை லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையின் மைக்கேல் ரசல் 1970களில் வலியுறுத்தினார். நிகோட்டின் குறைவு என விற்கப்பட்ட சிகரெட்டுகளைப் பிடித்தவர்களின் உடலில் நிகோட்டின் குறைந்திருக்கவில்லை என்று நீல் பெனோவிட்ஸ் குழுவினர் 1983இல் காட்டினர். இழுப்பு ஆழமாகிறது, துண்டு அடிவரை எரிகிறது. நாளைக்கு இருபது பிடித்தவர் பத்தாகக் குறைத்தாலும் அந்தப் பத்திலிருந்து கூடுதலாக உறிஞ்சிக்கொள்ள முடியும். அதிகம் புகைத்தவர்கள் பாதிக்கு மேல் குறைத்தும் அகால மரண அபாயம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என 2006இல் வெளியான நார்வே ஆய்வு கண்டது.

புகையின்றி நிகோட்டின்

மாற்று வழி சுவீடனில் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் வாயில் ஒதுக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதை லுண்ட் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் லுண்ட்கிரேன் கவனித்திருந்தார். 1967இல் அச்செய்தி ஏ.பி. லியோ மருந்து நிறுவனத்தின் ஓவே ஃபெர்னோவை எட்டியது. அவர் குழு உருவாக்கிய நிகோட்டின் சூயிங் கம்மில் நுட்பம் காரத்தன்மையில் இருக்கிறது: எச்சில் காரத்தன்மையுடன் இருந்தால்தான் நிகோட்டின் கன்னத்தின் உட்தோல் வழியே இரத்தத்தில் கலக்கும். ஆகவே மிட்டாய்போல் மென்று விழுங்கினால் பயனில்லை. சுறுசுறுவென்று உறைக்கும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கிவைத்து, உறைப்பு அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். காப்பி குடித்த வாயில் அமிலம் இருப்பதால் அது சரியாக வேலை செய்யாது. அமெரிக்கா 1984இல் இதற்கு ஒப்புதல் தந்தது.

அடுத்து வந்தது ஒட்டுப்பட்டை. ஈரமான புகையிலையை அறுவடை செய்யும் கூலியாட்களுக்குத் தோல் வழியே நிகோட்டின் ஏறி உடல்நலம் கெடுவதிலிருந்து முர்ரே ஜார்விக், ஜெட் ரோஸ் ஆகியோர் இந்த யோசனையைப் பெற்றனர். முதல் சோதனையைத் தங்கள் தோலிலேயே செய்தனர். 1990களின் தொடக்கத்தில் பட்டை கடைக்கு வந்தது. பரவலான அட்டவணை ஒன்று 21 மி.கி. பட்டையில் தொடங்கி 14, 7 என இறங்குகிறது. சிகரெட் முதல் நாளே நிற்க, படிப்படியாகக் குறைவது நிகோட்டின் மட்டுமே.

நாள் குறித்த குறைப்பு

இங்கிலாந்தில் 697 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில் இரு பிரிவினருக்கும் நிறுத்தும் நாள் குறிக்கப்பட்டது, பட்டையும் தரப்பட்டது. ஒரே நாளில் நிறுத்தியவர்களில் 49 விழுக்காட்டினரும், இரண்டு வாரம் குறைத்து நிறுத்தியவர்களில் 39.2 விழுக்காட்டினரும் நான்காம் வாரத்தில் புகையின்றி இருந்தனர்.

ஆனால் உடனே நிறுத்த மனமில்லாதவர்களின் நிலை வேறு. 1510 பேரைக் கொண்ட 2015 ஆய்வில், புகையை விட உதவும் வெரெனிக்ளின் மாத்திரையுடன் நான்கு வாரத்தில் பாதி, எட்டு வாரத்தில் முக்கால் பங்கு, பன்னிரண்டில் முழுவதும் என்று இலக்கு வைக்கப்பட்டது. 15 முதல் 24ஆம் வாரம் வரை புகைக்காதோர் மாத்திரை பெற்றவர்களில் 32.1 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றவர்களில் 6.9 விழுக்காடு.

முடிவுரை

உடனே விடத் துணிந்தவருக்கு ஒரே நாளில் நிறுத்துவதே மேல். துணியாதவருக்குக் குறைப்பு ஒரு வழி. ஆனால் முடியும் நாளும் மருந்தின் துணையும் சேர்ந்தபோதே அது பலன் தந்துள்ளது. 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று மட்டும் சொல்லும் அறிவுரைக்கு இந்த வரலாற்றில் ஆதரவு இல்லை.