அல்ஹம்ராவின் சுவர்களும் மனிதனின் உள்ளமும்

உருவம் வரைதல் விலக்கப்பட்டமையால், வேறு வழியின்றி முஸ்லிம்கள் கோடுகளையும் கோணங்களையும் நாடினர் என்றொரு கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அவ்விலக்கின் தாக்கத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையில் சிங்கங்கள் தாங்கும் நீரூற்றுத் தொட்டியும், மனித உருவங்கள் தீட்டப்பெற்ற விதானங்களும் உள்ளன. உருவம் அமைக்க இயன்ற அவ்விடத்திலேயே சுவர்களுக்கு அரூபக் கோலங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவை உள்ளத்தில் யாது விளைத்தன என்று வினவுதல் தகும்.

முதலில் ஆக்குவோனைக் காண்போம். பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940–998) கைவினைஞருக்குத் தேவையான வடிவியல் குறித்துத் தனி நூல் யாத்தார். சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக இணைக்கும் சிக்கலை அதில் ஆராய்ந்தார். கைவினைஞர் கண்ணுக்குச் சரியெனத் தோன்றியதை ஏற்றனர். வடிவியலாரோ நிறுவலைக் கோரினர். இரு சாராரும் ஏற்கத்தக்க தீர்வை அவர் அளித்தார். தோராயத்தில் நிறைவடையாத மனத்தை இக்கலை ஆக்குவோனிடம் வேண்டி நின்றது.

இனிக் காண்போன். பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம் (965–ஏறத்தாழ 1040), தம் ஒளியியல் நூலாகிய 'கிதாபுல் மனாழிர்' இல், ஒரு நோட்டத்தில் காண்பதையும் உய்த்து நோக்கிக் காண்பதையும் வேறுபடுத்தினார். நுண்ணிய வேலைப்பாடுகள் பின்னதற்கே புலப்படும் என்றார். அல்ஹம்ராவின் கைவினைஞர் அந்நூலைக் கற்றனர் என்று நாம் கூற வரவில்லை. எனினும் அவர்தம் சுவர்கள் அவ்விரண்டாம் பார்வையையே கேட்கின்றன. ஒரு விண்மீனின் கோட்டைப் பற்றிச் செல்லும் கண், அதே கோடு அடுத்த வடிவின் விளிம்பாவதைக் காண்கிறது. அங்கே கதையும் இல்லை, முகமும் இல்லை. ஆதலால் கண் ஓரிடத்தில் தங்காமல், முழுமையின் ஒழுங்கைத் தேடுகிறது.

டச்சு ஓவியர் எஷர் 1922இல் அல்ஹம்ராவைக் கண்டார். 1936இல் மீண்டும் வந்து, நாள்கணக்கில் அமர்ந்து அதன் கோலங்களைப் படியெடுத்தார். அதுவரை இத்தாலிய நிலக்காட்சிகளில் திளைத்த அவர், அதன்பின் பரப்பை இடைவெளியின்றி நிரப்பும் வடிவங்களில் ஆழ்ந்தார். அக்கோலங்களில் உயிரினங்கள் இல்லையே என வருந்திய அவர், தம் படைப்புகளைப் பறவைகளாலும் மீன்களாலும் நிரப்பினார். அவர் நோக்கம் வேறாயினும், அவரது சிந்தனையை மாற்றியது அந்தப் பொறுமையான இரண்டாம் பார்வையே.

இன்று இக்கோலங்களை நூலட்டைகளிலும் அழைப்பிதழ்களிலும் அச்சிட்டு, ஒரு நோட்டத்தில் கடந்து விடுகிறோம். நம் முன்னோர் உய்த்து நோக்குவதற்கென அமைத்தவற்றின் முன் சிறிது நேரமேனும் நிற்பது, அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.