பெரும்பூசணி விதைத் தேர்வு

பெரும்பூசணி விதைத் தேர்வு என்பது மிகப் பெரிய காய்களைப் பெறும் நோக்குடன் பூசணி விதைகளைத் தெரிவு செய்து, அவற்றின் மரபைத் தலைமுறைதோறும் பேணும் முறையாகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது போட்டிகளை ஒட்டி வளர்ந்த ஒரு கலையாக உள்ளது. தமிழ்நாட்டில் சந்தைக்கும் வீட்டுத் தேவைக்கும் ஏற்ற காய்களைத் தரும் விதையைத் தேர்ந்தெடுப்பதே முதன்மையானது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: விதையின் தரத்தைத் தாய்க்காயின் எடை மட்டும் முடிவு செய்வதில்லை. காயின் இனம், மகரந்தம் தந்த கொடி, விளைந்த சூழல், விதையின் முதிர்ச்சி ஆகிய அனைத்தும் சேர்ந்தே அதனை முடிவு செய்கின்றன.

பெயரும் இனமும்

தமிழில் பூசணி என்னும் சொல் வெவ்வேறு செடிகளைக் குறிக்கின்றது. சாம்பல் பூத்த வெண்ணிறத் தோலுடைய காய் நீற்றுப்பூசணி, சாம்பல்பூசணி, வெண்பூசணி எனப்படும். ஆயுத பூசையின்போது திருஷ்டி கழித்து உடைக்கப்படுவதும், மோர்க்குழம்பில் இடப்படுவதும் இதுவே. இது ஆசியாவைச் சேர்ந்தது. பெனின்காசா என்னும் தனிப் பேரினத்தில் அடங்கும். மஞ்சள் நிறச் சதையுடைய காய் பரங்கிக்காய், சர்க்கரைப்பூசணி, மஞ்சள்பூசணி எனப்படும். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. குக்கர்பிட்டா பேரினத்தைச் சேர்ந்தது. பரங்கி என்னும் பெயரே அதன் வெளிநாட்டு வரவைச் சுட்டுவதாகக் கருதப்படுகின்றது.

குக்கர்பிட்டா பேரினத்தில் இரண்டு இனங்கள் இங்கு கவனிக்கத்தக்கவை.

குக்கர்பிட்டா மொசுக்காட்டா: தமிழ்நாட்டில் பரவலாக விளையும் பரங்கி இதுவே. காம்பு கடினமானது, ஐந்து முனைகள் உடையது. காயுடன் சேரும் இடத்தில் விரிந்திருக்கும். இலைகளில் வெண்ணிறத் திட்டுகள் காணப்படுவது உண்டு. விதையின் விளிம்பு, நடுப்பகுதியினும் நிறம் மிகுந்து சொரசொரப்பாக இருக்கும்.

குக்கர்பிட்டா மேக்சிமா: உலகச் சாதனைக் காய்கள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. காம்பு உருண்டு தக்கை போன்று மென்மையாக இருக்கும். விதை பருத்து அகன்றது.

ஓர் இனத்துக்குள் அடங்கிய வகைகள் தமக்குள் எளிதில் கலக்கின்றன. இவ்விரு இனங்களும் ஒன்றோடொன்று இயற்கையில் கலப்பது அரிது. எனவே நாட்டுப் பரங்கியை எத்தனை தலைமுறை தெரிவு செய்தாலும் அது சாதனைப் பூசணியாக மாறிவிடாது.

வரலாறு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1903ஆம் ஆண்டில் 403 பவுண்டு (சுமார் 183 கிலோகிராம்) எடையுள்ள காயை விளைவித்தார். இச்சாதனை 70 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. பின்னர் கனடாவின் நோவா இசுக்கோசியா மாகாணத்திலுள்ள வின்சர் என்னும் ஊரைச் சேர்ந்த உழவர் ஆவர்டு தில் (இறப்பு: 2008), பல ஆண்டுகள் தெரிவு செய்து அட்லாண்டிக் சயண்ட் என்னும் வகையை உருவாக்கினார். 1981இல் அவருடைய காய் 493.5 பவுண்டு (சுமார் 224 கிலோகிராம்) எடை இருந்தது. இன்றைய சாதனைக் காய்கள் இவ்வகையின் வழி வந்தவையே.

அதன் பின்னர் எட்டப்பட்ட எடைகளுட் சில:

2012: அமெரிக்காவின் ரான் வாலசு, 911 கிலோகிராம்
2014: சுவிட்சர்லாந்தின் பெனி மையர், 1,054 கிலோகிராம்
2016: பெல்சியத்தின் மத்தியாசு வில்லமைன்சு, 1,190 கிலோகிராம்
2021: இத்தாலியின் சுடெபானோ குத்ருப்பி, 1,226 கிலோகிராம்
2023: அமெரிக்காவின் திராவிசு கிங்கர், 1,247 கிலோகிராம்
2025: இங்கிலாந்தின் இயன் பேட்டன், இசுடூவர்ட் பேட்டன் இரட்டையர், 1,278.8 கிலோகிராம்

இவ்வளர்ச்சியின் உடலியல் காரணம் குறித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. பெருங்காய் வகைகளின் இலைகள் பிற வகைகளைவிடத் திறமையாக ஒளிச்சேர்க்கை செய்வதில்லை என்றும், உணவைக் கடத்தும் உரியத் திசுவே அவற்றில் மிகுதியாக உள்ளது என்றும் அவ்வாய்வு காட்டியது. தொடர்ந்த தெரிவு இக்கடத்துத் திசுவைப் பெருக்கியுள்ளது. ஆயினும் இவ்வகையின் சதை நீர்த்தும் சுவை குன்றியும் இருப்பதால் உணவுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை.

விதைக்குப் பெயரிடும் முறை

போட்டியாளர்கள் விதையைத் தாய்க்காயின் பவுண்டு எடை, வளர்த்தவரின் குடும்பப் பெயர், ஆண்டு ஆகியவற்றால் அழைக்கின்றனர். எடுத்துக்காட்டாக, 2012இல் வாலசு விளைவித்த 2,009 பவுண்டுக் காயின் விதை "2009 வாலசு 2012" எனக் குறிக்கப்படும். இதனுடன் மகரந்தம் தந்த கொடியின் பெயரும் பதியப்படும். ஒரே கொடியின் ஆண்பூவைக் கொண்டு சேர்க்கை செய்திருந்தால் தன்சேர்க்கை என்றும், தேனீக்கள் வழி நிகழ்ந்திருந்தால் திறந்த சேர்க்கை என்றும் குறிக்கப்படும். இதனால் ஒரு விதையின் முன்னோரைப் பல தலைமுறைகள் வரை பின்தொடர முடிகின்றது. இம்முறையின் பயன் பெயரில் உள்ள எடையைவிட, தாய் தந்தை இரண்டையும் எழுதி வைக்கும் பழக்கத்திலேயே அடங்கியுள்ளது.

தாய்க்காயின் எடையும் விதையின் மரபும்

காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் உறுப்புகள். உள்ளிருக்கும் விதையின் கருவோ தாயிடமிருந்து பாதியும், மகரந்தம் தந்த கொடியிடமிருந்து பாதியும் மரபைப் பெறுகின்றது. ஆகவே பெரிய காயொன்று தாயின் திறனைக் காட்டுமேயன்றி, அதனுள் உள்ள விதை எத்தகையது என்பதை முழுமையாகக் காட்டாது. ஒரே காயின் விதைகளும் உடன்பிறப்புகளைப் போலத் தமக்குள் வேறுபடும்.

எடையில் சூழலின் பங்கும் பெரியது. போட்டியாளர்கள் ஒரு கொடியில் ஒரே காயை விட்டு, ஏனைய பிஞ்சுகளை நீக்கிவிடுகின்றனர். ஒரு கொடியில் 12 கிலோகிராம் எடையுள்ள ஒரே காயும், அடுத்த கொடியில் 8 கிலோகிராம் வீதம் ஐந்து காய்களும் விளைந்ததாகக் கொள்வோம். முதற்கொடியின் காய் பெரிதெனினும், இரண்டாம் கொடியே 40 கிலோகிராம் தந்துள்ளது. பெரிய காயை மட்டும் பார்த்து விதை எடுப்பவர் சிறந்த கொடியைத் தவறவிடுவார். எருக்குழியின் அருகில் வளர்ந்த கொடியையும் வறண்ட ஓரத்தில் வளர்ந்த கொடியையும் ஒப்பிடுவதும் இத்தகைய பிழையே.

வீரிய ஒட்டு விதையிலிருந்து விளைந்த காயின் விதை அடுத்த தலைமுறையில் பண்புகள் பிரிந்து, சீரற்ற காய்களைத் தரும். எனவே அதிலிருந்து விதை சேமிப்பது பொருத்தமன்று.

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைச் சூழல்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயற்படத் தொடங்கியது. அதன் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை அமைந்துள்ளது. சுமார் 600 முதல் 900 மீட்டர் வரை உயரமுள்ள இம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். சாமை முதலிய சிறுதானியங்களும் மரவள்ளியும் இங்கு பயிராகின்றன. கோமுகி ஆறு இம்மலையில் தோன்றிச் சமவெளிக்கு இறங்குகின்றது.

வடக்கு நாடுகளில் தெரிவு செய்யப்பட்ட விதை இங்கு அதே எடையைத் தரும் என எதிர்பார்க்க இயலாது. வின்சர் நகரில் கோடைப் பகல் 15 மணி நேரத்திற்கு மேல் நீள்கின்றது. கள்ளக்குறிச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. சமவெளியின் வெப்பமான இரவுகளில், பகலில் சேர்த்த உணவின் ஒரு பகுதி சுவாசத்திலேயே செலவாகிவிடுகின்றது. மிகுந்த வெப்பம் ஆண்பூக்களைப் பெருக்கிப் பெண்பூக்களைக் குறைக்கின்றது. மலையின் மேற்பகுதி சமவெளியைவிடக் குளிர்ந்திருப்பதால் இவ்விடர்ப்பாடு அங்கு குறைவு. ஆயினும் பகலின் நீளம் இரண்டிடத்தும் ஏறத்தாழ ஒன்றே.

இவ்வட்டாரத்தில் வளர்ந்து, வெயிலையும் மழையையும் நோயையும் தாங்கிக் காய்த்த கொடியின் விதைக்கு இதனாலேயே தனி மதிப்பு உண்டு. அவ்விதை ஒருமுறை கலந்தோ கைவிடப்பட்டோ போனால் கடையில் வாங்கி ஈடு செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் பயிராகும் வகைகள்

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பரங்கி வகைகளுள் கோ 1 பெரிய காய் உடையது. காயொன்று 7 முதல் 8 கிலோகிராம் எடையிருக்கும். பயிர்க்காலம் சுமார் 175 நாட்கள். கோ 2 வகையின் காய் 1.5 முதல் 2 கிலோகிராம் எடையுள்ளது. பயிர்க்காலம் சுமார் 135 நாட்கள். பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் 2 முதல் 3 கிலோகிராம் எடையுள்ள காய்களைத் தரும். அந்நிறுவனத்தின் அர்க்கா சூரியமுகி சிறு காய் உடையது. இது மேக்சிமா இனத்தைச் சேர்ந்தது. இனப்பெயரில் 'பெரிய' என்னும் பொருள் இருந்தாலும் காய் பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

விதை வாங்குவோர் எண்ணை மட்டும் கூறலாகாது. நீற்றுப்பூசணியிலும் கோ 1, கோ 2 என்னும் வகைகள் உள்ளன. "பூசணி கோ 1" எனக் கேட்பவருக்கு இரண்டில் எதுவும் கிடைக்கலாம். பரங்கியா நீற்றுப்பூசணியா என்பதைத் தெளிவாகக் கூறுவது தேவை. தவறு கொடி காய்த்த பின்னரே தெரிய வரும்; அதற்குள் ஒரு பட்டம் கழிந்துவிடும்.

விதை எடுக்கும் முறை

1. கொடியைத் தெரிதல்: காயைப் பார்க்கும் முன் கொடியைப் பார்க்க வேண்டும். தேமல் நோய் கண்ட கொடிகளையும், பழ ஈ தாக்கிய காய்களையும் நீக்க வேண்டும். வகையின் பல்வகைமை குன்றாதிருக்க, ஒரு கொடியில் மட்டுமன்றிப் பல நல்ல கொடிகளிலிருந்து விதை எடுத்தல் நன்று.

2. கலப்பைத் தவிர்த்தல்: தேனீக்கள் நெடுந்தொலைவு மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன. விதைப்பயிருக்கும் அதே இனத்தின் பிற வகைகளுக்கும் இடையே அரை முதல் ஒரு கிலோமீட்டர் இடைவெளி வேண்டப்படுகின்றது. சிறு தோட்டங்களில் இது இயலாது. அங்கு கைச்சேர்க்கையே வழி.

3. கைச்சேர்க்கை: மறுநாள் மலரவுள்ள ஆண், பெண் மொட்டுகளை முதல் நாள் மாலையில் நூலால் கட்டிவிட வேண்டும். அடியில் சிறு பிஞ்சு உள்ளது பெண்பூ. மெல்லிய நீண்ட காம்பு மட்டும் உள்ளது ஆண்பூ. மறுநாள் காலையில் ஆண்பூவின் இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் தடவி, பெண்பூவை மீண்டும் கட்ட வேண்டும். காம்பில் அடையாளச் சீட்டு கட்டி, நாளையும் இரு கொடிகளின் விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும். ஆடிப்பட்டப் பயிர் மழைக்காலத்தில் பூக்கும்போது தேனீக்களின் நடமாட்டம் குறைவதால் இம்முறை மேலும் பயன்படுகின்றது. மார்கழிக் கோலத்தில் வைக்க ஆண்பூக்களைப் பறிப்பதால் காய்கள் குறைவதில்லை. சேர்க்கைக்குச் சில பூக்களை விட்டு வைத்தால் போதும்.

4. முதிர்ச்சி: தோல் கடினமாகி நிறம் மாறி, காம்பு உலர்ந்த பின்னரே விதைக்காயைப் பறிக்க வேண்டும். பறித்த காயைச் சில வாரங்கள் நிழலில் வைத்திருந்தால் விதை மேலும் முற்றும்.

5. பிரித்தலும் உலர்த்தலும்: விதையைச் சதையிலிருந்து பிரித்துக் கழுவி, பதரை நீக்கி, நிழலில் உலர்த்த வேண்டும். ஈரப்பதம் சுமார் 7 விழுக்காடாகக் குறைந்த விதையே நெடுநாள் சேமிப்புக்கு ஏற்றது. விதை பருத்திருப்பது நாற்றின் தொடக்க வீரியத்துக்கு உதவும். காயின் எடைக்கு அது உறுதி அன்று.

6. முளைப்புச் சோதனை: 20 அல்லது 25 விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் விதைப்புக்குத் தேவையான அளவை முன்கூட்டியே அறியலாம்.

சட்ட நிலை

இந்தியாவின் பயிர் வகைகள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2001, உழவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் பகிரவும், விற்கவும் உரிமை அளிக்கின்றது. பாதுகாக்கப்பட்ட வகையின் விதையை வணிகப் பெயரிட்ட விதையாக விற்பதற்கு மட்டும் அவ்வுரிமை இல்லை. வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்பது 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைக்கு உட்பட்டது. இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இன்றி அஞ்சலில் விதை வரவழைக்கலாகாது. ஓர் உறை விதையுடன் வரும் நோய் அவ்வட்டாரத்துப் பூசணி, வெள்ளரி, பாகல் பயிர்கள் அனைத்துக்கும் கேடாக முடியலாம்.

இவற்றையும் பார்க்க

பரங்கி
நீற்றுப்பூசணி
மகரந்தச் சேர்க்கை
ஆடிப்பட்டம்
கல்வராயன் மலை