செக்ரோலிலிருந்து கணினி வரை

1907ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கடமையைத் துரைமார்மீது சுமத்தியது. பத்துக்குப் பின் கொழுந்துக்கூடைதான். பெண் பிள்ளையென்றால் அதற்கும் முன்பே தம்பி தங்கையைப் பார்க்க லயத்தில் நிறுத்திவிடுவார்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மவரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியில்தான்.

இவ்வளவு பிந்திப் புறப்பட்டவர்கள் நாம். வெர்ச்சுசா 1996இல் தொடங்கப்பட்டுக் கொழும்பில் பொறியியலாளரைத் தேடியபோது, அந்த வேலைக்கு வேண்டிய இணைந்த கணிதத்தைத் தமிழில் கற்பிக்க மலையகத்தில் ஆசிரியர் அரிது. நுவரெலியாவுக்கான பல்கலைக்கழக மாவட்ட ஒதுக்கீட்டிலும் வெளியார் புகுந்துவிடுகிறார்கள் என்ற மனக்குறை இன்றும் உண்டு. 2000இல் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் இன்னொரு கதவைத் திறந்தது. கடையிலோ பாடசாலையிலோ வேலை செய்துகொண்டே படிக்கலாம். ஆனால் பரீட்சை ஆங்கிலத்தில். நம் தங்கைமார் பலர் கணினியைவிட ஆங்கிலத்தோடுதான் அதிகம் மல்லுக்கட்டினார்கள்.

முகவரி இன்னொரு தொல்லை. லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய்த்தான் வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்து கைக்கு வந்த கதை நம்மில் பலரிடம் உண்டு. மின்னஞ்சல் வந்ததை நாம் கொண்டாடியதற்கு அதுவே காரணம்.

ஆலோசனைக் கம்பனியில் சேர்ந்தவருக்கு அங்கே ஒன்று பழகியதாகவே தெரியும். கடல்கடந்த வங்கிக்கோ காப்புறுதிக் கம்பனிக்கோ செய்த வேலையை மணித்தியாலக் கணக்கில் பதிய வேண்டும். அதை வைத்தே வாடிக்கையாளரிடம் பணம் கேட்பார்கள். அம்மாமாரின் செக்ரோலும் அப்படித்தான்: கிலோ குறைந்தால் அரைப்பேர். திட்டம் கிடைக்காமல் இருப்பவரை அங்கே ‘பெஞ்சில்’ இருப்பவர் என்பார்கள். ஒப்புமையை நீட்ட வேண்டாம். நாற்காலியில் அட்டை கடிக்காது, பெஞ்சில் இருந்தாலும் சம்பளம் வரும். அம்மாமாரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021வரை போராட வேண்டியிருந்தது.

2020இல் கொரோனா வந்து அலுவலகங்கள் மூடப்பட்டதும் மடிக்கணினியோடு நம் தங்கைமார் சிலர் லயத்துக்கே திரும்பினார்கள். உள்ளே சிக்னல் இல்லை. தேயிலை மலையில் ஏறி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அமர்ந்து கூட்டங்களில் கலந்துகொண்டார்கள். மழை வந்தால் படங்குச்சீலையை முதலில் கணினிக்குத்தான் போர்த்தினார்களாம்.