சண்டைக்கார மீன்களும் நான்கு கண்ணாடிச் சுவர்களும்

மனிதன் தன் வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்றை நிறுத்தி, அதில் மணலும் நீரும் நீர்த்தாவரமும் சேர்த்து, தூரதேசத்து மீன்களை விட்டு, ஓய்ந்த வேளைகளில் அவற்றின் அழகைக் கண்டு களிக்கத் தொடங்கி ஒன்றேமுக்கால் நூற்றாண்டு ஆகிறது. இந்த நெடுங்காலத்தில் அவன் வளர்த்துப் பார்த்த நன்னீர் மீன்களுள் அவனை மிகுதியாக வசீகரித்ததும், மிகுதியாக மனம் நோகச் செய்ததும் சிக்லிட் என்னும் ஒரே குடும்பம்தான். முந்தின நாள் மாலையில் ஆறு மீன்கள் நிறம் மின்ன நீந்திய தொட்டியில் மறுநாள் காலையில் ஒன்று மட்டும் கம்பீரமாக உலவ, மற்றவை செட்டை கிழிந்து மூலையில் ஒதுங்கியும் மல்லாந்து மிதந்தும் கிடக்கிற காட்சியைக் காணாத சிக்லிட் பிரியர் உலகில் எந்த மூலையிலும் இருக்க முடியாது. அந்தக் காட்சியைத் தவிர்ப்பதற்கு மனிதர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த உபாயங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு.

முதலில் இந்த மீன்கள் ஏன் சண்டையிடுகின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான மீன்கள் முட்டையை நீரில் தூவிவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றன. பிள்ளைகளின் கதி தெய்வத்தின் கையில். சிக்லிட்டுகளோ முட்டையிடுவதற்குக் கல்லையோ குழியையோ தேர்ந்து, செட்டையால் விசிறிக் காற்றோட்டம் தந்து, பொரித்த குஞ்சுகளை மந்தையாக மேய்த்துப் பாதுகாக்கின்றன. சில இனங்களில் தாய், முட்டைகளை வாயிலேயே அடக்கி ஏறக்குறைய மூன்று வாரம் உபவாசம் கிடக்கிறது. குடும்பம் என்று ஒன்று ஏற்பட்டால் இடம் வேண்டும். இடம் என்று ஏற்பட்டால் எல்லை வேண்டும். எல்லை ஏற்பட்டபின் வரப்புத் தகராறு வராமல் இருக்க மீன்கள் மட்டும் என்ன விதிவிலக்கா? இவற்றின் மூர்க்கம் இவற்றின் வாத்சல்யத்தின் மறுபக்கம் என்பதே விஷயத்தின் சாரம்.

வீட்டு மீன்தொட்டியின் ஆரம்பகாலம் சாந்தமயமானது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன வல்லுநர் 1850இல், நீர்த்தாவரமும் நத்தையும் பொன்மீனும் ஒன்றையொன்று ஆதரித்து வாழ்வதைத் தம் தொட்டியில் நிரூபித்துக் காட்டினார். 1853இல் அந்நகரின் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கென மீன்மாளிகை திறக்கப்பட்டது. சமநிலை என்பது அக்காலத்து லட்சியம். அந்த லட்சியத்தைக் குலைத்தவை, 1890களின் நடுவில் தென் அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குக் கப்பலேறி வந்த சாஞ்சிட்டோ மீன்கள். சார்லஸ் டார்வின் தம் பீகிள் யாத்திரையில் மால்டொனாடோவில் சேகரித்து வந்த மாதிரிகளைக் கொண்டு லெனர்ட் ஜெனின்ஸ் 1842இல் வருணித்த இனம் அது. பெர்லினில் 1888இல் தோன்றிய டிரைட்டன் சங்கத்தாரைப் போன்ற ஜெர்மானியப் பிரியர்கள், இம்மீன் ஜோடி குஞ்சுகளை அழைத்துக்கொண்டு உலாவும் அதிசயத்தைப் பார்த்து மெய்ம்மறந்தார்கள். அதே ஜோடி, ஆசையாய் நட்ட செடிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி, மணலைக் குவித்து, உடனிருந்த மீன்களை உயிரோடு விடாததையும் பார்த்தார்கள்.

அன்றைய பரிகாரம் எளிமையானது: பிரித்து வை. சண்டைக்காரனைத் தனித் தொட்டியில் அடை; ஆணும் பெண்ணும் முட்டையிடும் பருவத்துக்கு வரும்வரை நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்து; பருவம் வந்ததும் எடு; விபரீதம் தோன்றினால் திரும்ப வை. இந்த முறையின் பின்னால் ஒரு தர்ம சாஸ்திரம் மறைந்திருந்தது. குற்றம் மீனின் குணத்தில் இருக்கிறது என்பதே அதன் கொள்கை. அக்காலத்தார் இம்மீன்களுக்கு வழங்கிய பெயர்களிலேயே இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது: உடலில் கறுப்புப் பட்டைகள் ஓடிய ஒன்று கைதி என்றாகியது, தொண்டைச் சிவப்பை விரித்துப் பயமுறுத்தும் ஒன்று தீவாய் என்றாகியது, 1919 முதல் 1926 வரை குத்துச்சண்டையில் உலகப் பட்டம் தாங்கிய ஜாக் டெம்ப்சியின் பெயர், பாவம், அவரைக் கேளாமலே ஒரு மத்திய அமெரிக்க மீனுக்குச் சூட்டப்பட்டுவிட்டது. ஏஞ்சல் என்று பெயர் பெற்ற மெலிந்த மீனும் இதே குடும்பந்தான் என்பதும், முட்டையிட்டபின் அந்தத் தேவதையும் அண்டை வீட்டாரைத் துரத்தியடிக்கும் என்பதும் வாங்கியவர்களுக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது.

ஆனால் ஆற்றிலும் ஏரியிலும் சிக்லிட்டுகள் ஒன்றையொன்று கொன்று குவிப்பதில்லை. அங்கே சண்டை பெரும்பாலும் ஒரு சடங்காகவே நடந்து முடிகிறது. இரு மீன்கள் பக்கவாட்டில் நின்று செட்டைகளை விரித்துத் தம் உருவத்தைப் பெரிதாகக் காட்டும். வாலை வீசி எதிராளியின் விலாவில் நீரலையை மோதச் செய்யும். பின் செவுள் மூடிகளை உப்பிக் காட்டும். அதற்கும் தீராவிட்டால் வாயோடு வாய் கவ்வித் தள்ளும். எவன் வலியவன் என்பது இதற்குள் தெரிந்துபோகும். தோற்றது செட்டையை மடக்கி, நிறம் வெளுத்து, ஓடிவிடும். வென்றது தன் எல்லை வரைக்கும் துரத்திவிட்டுத் திரும்பிவிடும். ஓடுதல் என்ற அந்தக் கடைசி அங்கம் இரண்டடி நீளத் தொட்டியில் நடவாது. தோற்ற மீன் எங்கே ஓடினாலும் வென்ற மீனின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஆகவே வென்ற மீனுக்குச் சண்டை முடிவதே இல்லை. கொலையைச் செய்தது மீனாயினும், அதைக் கொலையாக்கியது கண்ணாடிதான்.

இந்த உண்மையை அரைகுறையாக உணர்ந்து, அதைச் சுற்றி ஒரு பெரிய சித்தாந்தத்தையே எழுப்பியவர் கான்ராட் லாரன்ஸ். ஆஸ்திரிய நாட்டவரான அவர், பவேரியாவில் சேவீசன் என்னும் இடத்திலிருந்த மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிலையத்தில் சிக்லிட்டுகளையும் வளர்த்தவர். மூர்க்கத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1963இல் ஜெர்மனில் வெளிவந்து, மூன்றாண்டுகளில் ஆங்கிலத்துக்கும் சென்று, பெரும் வாதப் பிரதிவாதத்தைக் கிளப்பியது. அந்நூலில் மீன் வளர்ப்போர் எவருக்கும் மறவாத செய்தி ஒன்று வருகிறது. ஒரு ஜோடியை மட்டும் தொட்டியில் தனியே விட்டால், விரட்டுவதற்கு அந்நியர் எவரும் இல்லாத ஆண், சில நாட்களில் தன் பெண்ணையே தாக்கத் தொடங்குகிறது. அதைத் தடுக்க, அடி வாங்குவதற்கென்றே ஒரு மீனை உடன் விடுவது ஒரு வழி. அதைவிடக் கருணையான வழி, இரு ஜோடிகளை அடுத்தடுத்து வைத்து நடுவே கண்ணாடித் தடுப்பு நிறுத்துவது. அண்டை வீட்டு ஆண்கள் தடுப்பின் வழியாக ஒருவரையொருவர் நாளெல்லாம் முறைத்துச் சினத்தைத் தீர்த்துக்கொள்ள, இரு வீட்டிலும் இல்லறம் இனிது நடக்கும். நடுக்கண்ணாடியில் பாசி படர்ந்து மறைத்துவிட்டாலோ, ஆண் மீன் தன் மனைவியிடம் கடுமை காட்டத் தொடங்கிவிடும். பாசியைத் துடைத்தால் மறுபடி சமாதானம்.

இந்தக் காட்சியிலிருந்து லாரன்ஸ் செய்த அனுமானம், சினம் என்பது உள்ளே ஊறி ஊறி நிறைந்து, வடிகால் கிடைக்காவிட்டால் கண்ட இடத்தில் உடைத்துக்கொள்ளும் வஸ்து என்பது. மனித குலத்தின் யுத்தங்களுக்கும் அதையே அவர் பொருத்திப் பேசியது அளவு மீறிய காரியம் என்றே நான் கருதுகிறேன். அவருடைய நிலையத்திலேயே வேலை செய்த இளைஞர்கள் அனுமானத்தோடு நின்றுவிடாமல் எண்ணிப் பார்த்தார்கள். ஆன் ராசா என்பவர், ஜோடிகளைத் தனிமைப்படுத்துவது அவற்றின் குடும்ப வாழ்வை எப்படிப் பாதிக்கிறது என்று 1969இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மீன் நம் நாட்டது. மீன் நூல்கள் தமிழில் செல்லக்காசு என்று குறிக்கும், மஞ்சள் மேனியில் செம்புள்ளிகளும் நடுவே ஒரு கரும்பொட்டும் கொண்ட, நம் கழிமுகங்களிலும் இலங்கையின் களப்புகளிலும் வாழும் சிறு சிக்லிட் அது. பெர்லின் வைத்தியர் மார்க்கஸ் எலீசர் பிளாக் 1795இல் சாஸ்திர உலகுக்கு அறிமுகப்படுத்திய அந்த மீன், ஜெர்மானியரின் கண்ணாடித் தொட்டியில் தாம்பத்திய சாஸ்திரத்துக்குச் சாட்சி சொல்ல நேர்ந்தது விநோதந்தான்.

சினம் தானே ஊறுவதில்லை என்பதற்குச் சான்று, ஆப்பிரிக்கச் சிக்லிட் ஒன்றைக் கொண்டு வால்டர் ஹைலிகன்பர்க் நடத்திய சோதனைகளில் கிடைத்தது. தன் இனத்து ஆண்களைக் காணாமல் தனித்து வைக்கப்பட்ட ஆணின் தாக்கும் வேகம் நாளடைவில் பெருகவில்லை, குறைந்தது. எதிரியின் பொம்மையைச் சற்று நேரம் காட்டியதும் மீண்டும் ஏறியது. அதே இனத்தில், கண்ணை ஒட்டிய கரும்பட்டை தாக்குதலைத் தூண்டுகிறது என்றும், தோள்புறத்து ஆரஞ்சு நிறம் அதைத் தணிக்கிறது என்றும் லியோங் என்னும் ஆராய்ச்சியாளர் 1969இல் அளந்து காட்டினார். பிரியர்கள் அனுபவத்தில் அறிந்திருந்த ஒரு விதிக்கு, அதாவது ஒரே நிறமும் ஒரே கோலமும் கொண்ட இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விடாதே என்பதற்கு, இவ்வாறு சாஸ்திர ஆதாரம் ஏற்பட்டது.

இதற்கிடையில் வியாபாரம் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பியிருந்தது. மலாவி ஏரி ஏறத்தாழ 570 கிலோமீட்டர் நீளமும் 700 மீட்டர் ஆழமும் உடையது; அதன் பாறைக் கரைகளில் பாசியைச் சுரண்டித் தின்று வாழும் மீன்களை அவ்விடத்து மக்கள் ம்புனா என்பார்கள். ஜெஃப்ரி ஃப்ரையர், ந்கட்டா விரிகுடாவில் இவற்றின் வாழ்க்கையைக் கவனித்து 1959இல் விரிவாக எழுதியபோது, கடல் மீன்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த நீலமும் பொன்னும் நன்னீரிலும் உண்டு என்று வெளியுலகம் அறிந்தது. 1960களில் இவை விமானமேறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றன. வாங்கியவர்கள் பழைய பாடத்தின்படி பெரிய தொட்டியில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தாராளமாக இடம் தந்துவிட்டோம் என்று திருப்தியடைந்தார்கள். விளைவு நாசம். ஆராட்டஸ் என்னும் பொன்வரி மீனின் ஆண், முழுத் தொட்டியையும் தன் எல்லையாகப் பாவித்து, மற்ற மீன்களை ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கட்டியது.

அப்போதுதான் சிக்லிட் வளர்ப்பில் ஒரு தலைகீழ்ப் புரட்சி நிகழ்ந்தது. இடத்தைக் கூட்டி அமைதியைத் தேடியவர்கள், மீன்களைக் கூட்டி அதைக் கண்டார்கள். பாறைகளை மேற்பரப்புவரை அடுக்கி, குகைகளும் இடுக்குகளும் அமைத்து, ஒரே சமயத்தில் இருபது முப்பது மீன்களை ஒன்றாக விட்டால், எந்த ஆணுக்கும் எல்லையை நிலைநாட்ட அவகாசமில்லை. ஒன்றைத் துரத்தும்போதே வேறொன்று குறுக்கே வருகிறது. ஒருவன் வாங்கவேண்டிய அடி பலருக்கும் பங்கிடப்பட்டு, எவனும் சாகாத அளவுக்கு நீர்த்துப்போகிறது. ஒரு சதுர மீட்டர் பாறையில் பல மீன்கள் நெருங்கி வாழ்வது அந்த ஏரிக்கும் இயல்புதான். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் என்று விட்டால், வாயில் முட்டை சுமக்கும் பெண் ஒன்றே ஓயாத தொந்தரவுக்கு ஆளாவதில்லை. புதிய மீனைச் சேர்க்கும் நாளில் பாறைகளையெல்லாம் கலைத்து வேறுவிதமாக அடுக்கிவிட வேண்டும். பழைய குடிகளும் தம் எல்லையை இழந்து, புதியவனைப் போலவே இடம் தேடி அலையும்.

இந்தப் புரட்சி மனிதனின் ஞானத்தால் மட்டும் வந்ததன்று; பாதி, பண்டங்களின் புண்ணியம். இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதித்த பழைய தொட்டிகள் போய், 1960களின் பிற்பகுதியிலிருந்து சிலிக்கோன் பசையால் ஒட்டிய முழுக் கண்ணாடித் தொட்டிகள் வந்தமையால், பெரிய அளவுகள் சாதாரணர் கைக்கும் எட்டின. மின் விசையால் இயங்கும் வடிகட்டிகள் வந்தமையால், முப்பது மீன்களின் கழிவால் நீரில் அம்மோனியா பெருகி விஷமாகாமல் காக்க முடிந்தது. வாராவாரம் கணிசமான நீரை மாற்றாதவனுக்கு நெரிசல் முறை இன்றும் ஆபத்தே. வேறொரு கஷ்டமும் உண்டு: நெருங்கிய இனங்கள் இந்தக் கூட்டத்தில் கலந்து, இன்னதென்று சொல்லமுடியாத குஞ்சுகளைப் பெருக்கிவிடும்.

மத்திய அமெரிக்கப் பெருமீன்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. கற்களால் பார்வையை மறைப்பதும், போதாதபோது பழைய தடுப்புக் கண்ணாடிக்கே திரும்புவதும் தவிர அங்கே அதிக வழியில்லை. கூச்சமுள்ள சிக்லிட்டுகளுக்கு வேறொரு உபாயத்தை, அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜார்ஜ் பார்லோ 1968இல் எழுதினார்: மேல்நீரில் அஞ்சாமல் திரியும் சிறு மீன்கூட்டம் ஒன்று உடனிருந்தால், அதைக் கண்டு சிக்லிட்டுகளும் அச்சம் தெளிந்து வெளியே வரும்.

நம் பக்கத்துக் கதை சுருக்கமானது. இலங்கையின் களப்புகளில் ஜாக் வார்டும் ரிச்சர்ட் வைமனும் 1970களில் செய்த ஆராய்ச்சியில், செல்லக்காசு தன் குடும்பத்தையே சேர்ந்த, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய கரிமீனின் உடலைக் கொத்திச் சுத்தம் செய்து வைத்தியம் பார்ப்பதும் தெரியவந்தது. அதே செல்லக்காசு அதே கரிமீனின் முட்டைகளைச் சமயம் பார்த்துத் தின்பதும் உண்டு. உறவும் பகையும் இவ்வளவு நாகரிகமாகக் கலந்திருக்கும் இந்த மீனை நம் வீடுகளில் வளர்ப்பவர் அபூர்வம். சென்னையில் அலங்கார மீன் தொழிலுக்குப் பேர்பெற்ற கொளத்தூருக்குப் போகிறவர்கள், மலாவிக் குஞ்சுகளையும், மலேசியாவில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட ஃப்ளவர்ஹார்னையும் கேட்டு வாங்குகிறார்கள். விரலளவு குஞ்சுகள் ஒரே தொட்டியில் நூற்றுக்கணக்காகச் சமாதானமாய்த் திரிவதைக் கண்டு, வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறார்கள். அந்தச் சமாதானம் நெரிசலாலும் இளமையாலும் வந்தது. இரண்டு குஞ்சுகளை மட்டும் பிரித்து இரண்டடித் தொட்டிக்குக் கொண்டுபோனால் அது உடன் வராது.

வாங்க நினைப்பவர்களுக்கு என் விண்ணப்பம் இவ்வளவே. ம்புனா வேண்டுமானால் நான்கடித் தொட்டிக்குக் குறைந்து ஆசைப்படாதீர்கள். ஃப்ளவர்ஹார்ன் வேண்டுமானால் ஒன்றை மட்டும் தனியே வளர்க்கத் தயாராகுங்கள். இரண்டும் இயலாதவர்கள் சிக்லிட்டை விட்டுவிட்டு வேறு சாதுவான மீனை நாடுங்கள். வளர்ந்த மீனின் அட்டகாசம் தாங்காமல் அதைக் கொண்டுபோய் ஏரியிலோ குளத்திலோ விட்டுவிட்டு வருகிற புண்ணியத்தை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உணவுக்கென்று 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் ஒரு சிக்லிட்தான். இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத நீர்நிலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.