வெக்கையை அளந்த பந்து

சித்திரை மாதத்தில் வன்னி விவசாயி எந்தக் கருவியையும் பார்த்து வயலை விட்டு ஏறுவதில்லை. சோளகக் காற்று இன்னும் எழும்பியிராது. வரம்பில் ஒரு புல்லும் அசையாது. பத்து மணிக்கே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மர நிழலுக்கு வந்துவிடுவார். வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, வியர்வை காய்கிறதா இல்லையா என்று அவருடைய உடம்பு ஒரே நொடியில் கணக்குப் பார்த்து முடித்திருக்கும். அந்த ஒரு நொடிக் கணக்கை ஒரு கருவிக்குப் படிப்பிக்க விஞ்ஞானிகளுக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் பிடித்தன. அந்த முயற்சி தொடங்கியது வயலில் அல்ல, லண்டனில், ஒரு மாட்டிறைச்சித் துண்டோடு.

1774ஆம் ஆண்டு தை மாதம். ஜோர்ஜ் போர்டைஸ் என்ற மருத்துவர் லண்டனில் சில அறைகளைச் சூடாக்கி, நண்பர்களைப் பரிசோதனைக்கு அழைத்தார். வந்தவர்களில் சார்ள்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவரும், கப்டன் குக்கோடு உலகைச் சுற்றிய தாவரவியலாளர் ஜோசப் பாங்க்ஸும் இருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் சூடு ஏறிக்கொண்டே போனது. சித்திரை பிறக்கும்போது ஓர் அறை 127 பாகை செல்சியஸைத் தொட்டது. கொதிக்கும் நீரை விடக் கூடிய சூடு அது. பைக்கடிகாரச் சங்கிலியைத் தொட முடியவில்லை. உள்ளே வைத்த முட்டை 20 நிமிடத்தில் இறுக வெந்தது. இறைச்சித் துண்டும் வெந்து காய்ந்தது. ஆனால் அதே அறையில் நின்ற மனிதர்கள் வேகவில்லை. நடந்து வெளியே வந்தார்கள். உடல் வெப்பநிலையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் காற்று ஈரமாக இருந்தால், அதைவிட மிகக் குறைந்த சூடே மனிதனைத் திணறடித்துவிடும். சூட்டை அளந்த வெப்பமானி சரியாகத்தான் காட்டியது. அப்படியானால் அது காட்டாமல் விட்டது எதை?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமலே அடுத்த நூற்றாண்டு வேறு திசையில் நடந்தது. 1860களில் ஸ்கொட்லாந்தின் கலங்கரைவிளக்கப் பொறியியலாளர் தாமஸ் ஸ்டீவன்சன், வெள்ளை பூசி, பக்கங்களில் சாய்வுப் பலகைகள் அடித்த ஒரு மரப்பெட்டியை வடிவமைத்தார். நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை இவர். வெப்பமானியின் மேல் வெயில் விழக் கூடாது, காற்று மட்டும் உள்ளே போய்வர வேண்டும் என்பது பெட்டியின் நோக்கம். இடத்துக்கிடம் ஒப்பிடக்கூடிய அளவீடு வேண்டும் என்றால் அது அருமையான ஏற்பாடு. உலகமே அதை ஏற்றுக்கொண்டது. வவுனியாவின் வெப்பநிலை என்று இன்று பதிவாகும் எண்ணும் நிழலில் எடுத்த காற்றின் வெப்பநிலைதான். வானிலை அறிவியல் இப்படி வெயிலைக் கவனமாக வெளியே நிறுத்தியது. வெயிலில் நிற்பவனின் கதி என்ன என்பதற்கான முதல் துப்பு, வெயிலே எட்டாத ஓர் இடத்தில் கிடைத்தது.

இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் ஆழமான சுரங்கங்கள் இருந்தன. அவற்றின் உள்ளே காற்று சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. உடலியல் அறிஞர் ஜோன் ஸ்கொட் ஹால்டேன் அங்கே இறங்கினார். தன் உடம்பையே சோதனைப் பொருளாக்குவது அவருடைய வழக்கம். 1905இல் அவர் வெளியிட்ட முடிவு எளிமையானது: சாதாரண வெப்பமானி காட்டும் எண்ணை நம்பிப் பயனில்லை, குமிழில் ஈரத் துணி சுற்றிய வெப்பமானியைப் பார்க்க வேண்டும். துணியிலிருந்து நீர் ஆவியாகும் வரை அந்தக் குமிழ் குளிரும். வியர்க்கும் தோலுக்கும் நடப்பது அதுதான். அசையாத காற்றில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 31 பாகையைத் தாண்டினால், ஓய்வில் இருக்கும் மனிதனுக்கே உடல் சூடு ஏறத் தொடங்கியது. போர்டைஸின் நண்பர்கள் வேகாமல் தப்பியது வியர்வையால் என்பது இப்போது எண்ணாகவே கைக்கு வந்துவிட்டது. ஆனால் ‘அசையாத காற்றில்’ என்று ஹால்டேன் சொன்ன நிபந்தனை அடுத்த சிக்கலைக் கிளப்பியது. அசையும் காற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது?

லியனார்ட் ஹில் என்ற இன்னோர் உடலியல் அறிஞருக்கு அதற்கு ஒரு துணிச்சலான யோசனை தோன்றியது. சூட்டை அளப்பதை விட்டுவிட்டு, உடம்பு சூட்டை இழக்கும் வேகத்தை அளந்தால் என்ன? முதலாம் உலகப் போர்க் காலத்தில் அவர் செய்த கருவி பெரிய குமிழ் கொண்ட ஒரு மதுசார வெப்பமானி. பெயர் காட்டா. அதைச் சுடுநீரில் சூடாக்கித் துடைத்துத் தொங்கவிட்டார்கள். 100 பாகை பரனைட்டிலிருந்து 95க்கு இறங்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று மணிக்கூட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். அழகான சிந்தனைதான். ஆனால் கருவி தோற்றது. விரல் பருமன் குமிழுக்குக் காற்று செய்வதும் முழு மனித உடம்புக்குக் காற்று செய்வதும் ஒன்றல்ல. சிறு அசைவுக்கும் அந்தக் குமிழ் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது. அந்தக் குறையே பிறகு அதிர்ஷ்டமாக மாறியது. சுழலும் காற்றாடிக் கருவிகளை அசைக்கவே மாட்டாத மெல்லிய காற்றை அளக்க அதைவிட நல்ல கருவி கிடைக்கவில்லை. மனிதனை அளக்கத் தவறிய காட்டா, காற்றை அளக்கும் கருவியாகத் தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் பல பத்தாண்டுகள் உழைத்தது.

இந்த ஆராய்ச்சிகள் எல்லாம் சீமைக்காரரின் சுகத்துக்காக நடந்தவை அல்ல. ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் உழைத்து வாழ்ந்த கோலார் தங்கவயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. 1940களில் அங்கே வெப்பத்தால் சுருண்டு விழும் தொழிலாளரைப் பற்றித் தனி மருத்துவ ஆய்வே நடத்த வேண்டி வந்தது.

இதற்கிடையில் 1923இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கான்ஸ்டன்டின் யாக்லு என்பவரும் அவருடைய சகாவும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகளைக் கட்டினார்கள். ஒன்றில் ஈரம் கூட, மற்றதில் சூடு கூட. ஆட்களை ஓர் அறையிலிருந்து மற்றதற்கு நடக்கவிட்டு, எப்போது இரண்டும் உடம்புக்கு ஒன்றாகத் தோன்றுகின்றன என்று கேட்டார்கள். சூடு, ஈரம், காற்று மூன்றும் முதன்முறையாக ஒரே எண்ணுக்குள் அடங்கின. பொறியியலாளர்கள் அதைப் பெரிதும் விரும்பி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த அறைகளின் சுவர்கள் காற்றின் சூட்டிலேயே இருந்தன. அங்கே அடுப்பு இல்லை, வெயில் இல்லை, கொதிக்கும் கூரை இல்லை. தலைக்கு மேலே நெருப்பாய்க் காயும் ஒரு தகட்டை அந்த எண் பார்க்கவே முடியாது. அதைப் பார்க்கும் கண், தகரம் செய்யும் பட்டறைகளைப் படித்த ஒருவரிடமிருந்து வந்தது.

அவர் பெயர் ஹொரேஸ் வேர்னன். ஒக்ஸ்போர்டின் உடலியல் அறிஞர். போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிலாளரின் வேலை நேரத்தை ஆராய்ந்தவர். 1919இல் அவர் எழுதிய அறிக்கை தகரத் தகடு செய்யும் ஆலைகளைப் பற்றியது. கோடையில் உற்பத்தி விழுகிறது, காற்றோட்டம் இல்லாத ஆலையில் இன்னும் மோசமாக விழுகிறது என்று அவர் எழுதினார். உலைவாயில் நிற்பவனைச் சுடுவது காற்று மட்டுமல்ல. பழுத்த இரும்பு, கொதிக்கும் சுவர், சூடேறிய கூரை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கதிராக அவன் மேல் சூட்டை எறிந்துகொண்டிருக்கும். அதை அளக்க நுட்பமான கருவிகள் ஆய்வுகூடங்களில் இருந்தன. ஆனால் புழுதியும் அதிர்வும் நிறைந்த பட்டறைக்கு அவற்றைக் கொண்டுபோக முடியாது. 1930 அளவில் வேர்னன் கண்ட வழியில் நுட்பம் எதுவும் இல்லை. அதற்கான பொருள் தண்ணீர்த் தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

தொட்டி நிறைந்ததும் குழாயை மூடுவதற்கு ஒரு செப்புப் பந்து மிதக்குமே, அதேதான். மெல்லிய செம்பு, உள்ளே காற்று மட்டும், 6 அங்குல விட்டம், அன்று எந்த இரும்புக் கடையிலும் கிடைத்தது. வெளியே மங்கலான கறுப்பு மை பூசி, நடுவில் ஒரு வெப்பமானியைச் செருகித் தொங்கவிட்டால் போதும். கறுப்புப் பரப்பு எல்லாப் பக்கமிருந்தும் வரும் கதிர்ச் சூட்டை உறிஞ்சியது. சுற்றியுள்ள காற்று அதைக் குளிர்வித்தது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் இரண்டும் ஒரு சமநிலைக்கு வந்தன. காற்று 34 பாகையாக இருந்து பந்து 42 காட்டினால், அந்த 8 பாகை வித்தியாசத்துக்குக் காரணம் கூரையும் சுவரும் எறிந்த சூடு. இவ்வளவு மலிவாக, இவ்வளவு நேர்மையாக வேலை செய்த கருவிகள் மிகக் குறைவு. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்த அந்தப் பந்து தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெயிலுக்குள் இறங்க, ஒரு பட்டாளத்தின் பயிற்சி மைதானத்தில் ஆட்கள் விழ வேண்டியிருந்தது.

தென் கரோலினாவின் பரிஸ் தீவில் அமெரிக்க மரைன் படைக்குப் புதிதாகச் சேர்ந்த பெடியள் 1950களில் கோடைப் பயிற்சியில் சுருண்டு விழுந்தார்கள். பிட்ஸ்பர்க் அறைகளைக் கட்டிய அதே யாக்லு, இப்போது ஹார்வர்ட் பேராசிரியராக, டேவிட் மினார்ட் என்ற கடற்படை மருத்துவரோடு சேர்ந்து இறங்கினார். மைதானத்தில் நிற்கும் படைத்தலைவருக்குக் காற்றளவும் வரைபடமும் சரிப்படாது. அதனால் அவர்கள் கணக்கைச் சுருக்கினார்கள். வெயிலிலும் காற்றிலும் திறந்து வைத்த ஈரக்குமிழின் எண்ணில் பத்தில் ஏழு பங்கு. கறுப்புப் பந்தின் எண்ணில் பத்தில் இரண்டு பங்கு. நிழல் வெப்பமானியின் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் விடை. ஈரத் துணி காற்றில் தானாகவே குளிர்வதால் காற்றைத் தனியாக அளக்கத் தேவையில்லை. எண் ஏற ஏற மைதானத்தில் கொடியின் நிறம் மாறியது. கறுப்புக் கொடி ஏறினால் கடும் பயிற்சி நின்றது. 1957இல் அவர்கள் வெளியிட்ட அந்தச் சூத்திரம் பின்னர் ஐ.எஸ்.ஓ. 7243 என்ற உலகத் தரமானது. வானொலி சொல்லும் வெப்பநிலைக்கு அதில் கிடைத்த இடம் பத்தில் ஒரு பங்குதான்.

ஒரு மத்தியானத்தை எடுத்துக்கொள்ளலாம். நிழலில் 34, கறுப்புப் பந்தில் 50, ஈரக்குமிழில் 28. அந்தப் பங்குகளின்படி கூட்டினால் 33 வரும். வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அந்தத் தரம் வைத்திருக்கும் எல்லை, சும்மா இருக்கும்போது 33, நடுத்தர வேலைக்கு 28. நிழலில் 34 என்ற, யாரும் பதறாத ஓர் எண்ணுக்குப் பின்னால், வேலையை நிறுத்த வேண்டிய ஒரு வெக்கை ஒளிந்திருக்க முடியும்.

பந்து அதோடு நிற்கவில்லை. 1977இல் மைக்கல் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார்: ஏன் 6 அங்குலம்? தொட்டிப் பந்து அந்த அளவில் கிடைத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. கட்டடத்துக்குள் இருக்கும் மனிதன் காற்று வழியாகவும் கதிர் வழியாகவும் எந்த விகிதத்தில் சூட்டை இழக்கிறான் என்று அவர் கணக்கிட்டுப் பார்த்தபோது, பொருத்தமான விட்டம் ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் என்று வந்தது. அந்த அளவிலும் ஒரு பந்து கடையில் தயாராக இருந்தது: மேசைப்பந்து. தெருவையும் பூங்காவையும் அளக்கப் புறப்பட்டவர்கள் பின்னாளில் அதற்குச் சாம்பல் நிறம் பூசினார்கள். நேர் வெயிலில் கறுப்பு, மனிதத் தோலையும் உடுப்பையும் விட அதிகம் உறிஞ்சிவிடும் என்பதே காரணம்.

நம் பக்கத்து மனிதரின் உடம்பைக் கேட்டவர்களும் உண்டு. இந்தியாவின் ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் சர்மாவும் ஷராபத் அலியும் கோடைக்குக் கோடை ஆட்களை இருத்தி, ஈரக்குமிழ், பந்து, காற்று மூன்றிலிருந்தும் ஒரு கோடைச் சுட்டெண்ணை 1986இல் வெளியிட்டார்கள். 25 முதல் 30 பாகை வரை சுகம் என்று அது சொன்னது. குளிர்நாட்டுப் புத்தகங்கள் தரும் எல்லையை விட உயரமான எல்லை அது. அதில் பந்தின் எண்ணே பெரும் பங்கை எடுத்துக்கொண்டது.

அந்த எண்ணை மிகவும் வேண்டி நின்ற இடம் ஒன்று பிறகு வந்தது. 2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடாரங்களுக்குள்ளும் தகரத்தின் கீழும் அடைபட்டார்கள். 2012 புரட்டாதியில் அது மூடப்பட்ட பிறகும், மீள்குடியேறிய காணிகளில் முதலில் எழுந்தவை தகரக் கொட்டில்கள். கிடுகும் மண்சுவரும் தடுத்து நிறுத்திய கதிரை, தகரம் நேரே கொட்டிலுக்குள் இறக்கியது. அங்கே அறிவிக்கப்பட்டதோ எப்போதும் போல நிழலின் வெப்பநிலை.

அண்மைய ஆண்டுகளில் இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு படி முன்னே வந்திருக்கிறது. மாசிக்கும் சித்திரைக்கும் இடையே, மனித உடல் உணரும் வெப்பம் பற்றிய எச்சரிக்கைகளில் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் பெயர்களும் இடம்பெற்றிருக்கின்றன. அந்த எச்சரிக்கைகளில் பயன்படும் சுட்டெண்ணின் வேர், துணி ஆராய்ச்சியாளர் ரொபர்ட் ஸ்டெட்மன் 1979இல் செய்த கணக்கு. சூட்டையும் ஈரப்பதனையும் அது சேர்க்கிறது. ஆனால் மனிதன் நிழலில், மெல்லிய காற்றில் நிற்பதாக வைத்துக்கொள்கிறது. நேர் வெயிலில் அந்த எண்ணோடு இன்னும் 8 பாகை வரை கூடலாம் என்று அமெரிக்க வானிலைச் சேவையே சொல்கிறது. ஸ்டீவன்சனின் பெட்டி வெளியே நிறுத்திய வெயில் இன்னும் வெளியேதான் நிற்கிறது.

அதன் விலை சிறியதல்ல. காரணம் தெரியாத சிறுநீரக நோய் வவுனியா விவசாயிகளையும் பிடித்திருக்கிறது. தண்ணீர், விவசாய இரசாயனங்கள் ஆகியவற்றோடு வெப்பமும் நீரிழப்பும் அதன் சாத்தியமான காரணங்களாக ஆராயப்படுகின்றன. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் முகக்கவசமும் பாரமான மார்புக்கவசமும் அணிந்து கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வெயிலுக்குள் முழந்தாளிட்டே வேலை செய்கிறார்கள். உடுப்புக்கும் தனி எண் சேர்க்க வேண்டும் என்பதை 7243 தரமே சொல்லியிருக்கிறது.

ஒரு மேசைப்பந்து, கொஞ்சம் சாம்பல் பூச்சு, மின் உணரி ஒன்று, ஈரத் திரி சுற்றிய இன்னொன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் ஒரே வளாகச் சூழலில் இருக்கின்றன. வவுனியாவுக்கு 2021 முதல் சொந்தப் பல்கலைக்கழகமும் உண்டு. இரணைமடுவின் கீழ் சிறுபோக வயலில் ஒன்றும், ஒரு தகரக் கூரைக்குக் கீழே ஒன்றும், முள்ளியவளையில் ஒரு மர நிழலில் ஒன்றுமாக மூன்று பந்துகளைத் தொங்கவிட்டால், காலை வானொலியில் ஒரே எண்ணுக்குப் பதிலாக மூன்று எண்களை வாசிக்கலாம்.